குந்தன் ஷா: எங்கள் ஞாயிறு திரையிடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மும்பை தாராவியில் நாங்கள் சிலர் சேர்ந்து மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை பழைய தூர்தர்ஷன் தொடர்களையும் படங்களையும் போட்டுக் காட்டுகிறோம். வருகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். மீதிப்பேர் அவர்களுடைய பேரன் பேத்திகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள்தான். திருநெல்வேலிக்காரர்கள் அதிகம், அடுத்தபடியாக வேலூர், ஆற்காடு பக்கம். இந்த வருடம் முழுக்க ஒரே ஆளின் வேலைகளைத்தான் பார்த்து வருகிறோம். இயக்குநரும் தயாரிப்பாளருமான குந்தன் ஷா. ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய அதே கேள்விகள் வருகின்றன. அதனால் பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

யார் இந்த குந்தன் ஷா?

1947 அக்டோபர் 19 அன்று பிறந்த குஜராத்திக்காரர். புனே திரைப்படக் கல்லூரியில் இயக்கம் படித்துவிட்டு மும்பைக்கு வந்து, 1983இல் தன் முதல் படமான ‘ஜானே பீ தோ யாரோ’வை எடுத்தார். அடுத்த வருடமே தொலைக்காட்சிக்குப் போனார். 1984க்கும் 1990க்கும் இடையில் தூர்தர்ஷனில் வந்து இன்றும் பேசப்படும் நகைச்சுவைத் தொடர்களில் மூன்றில் அவர் கை இருக்கிறது. ‘யே ஜோ ஹை ஜிந்தகி’, ‘நுக்கட்’, ‘வாக்லே கி துனியா’. அப்புறம் ஷாருக் கான் நடித்த ‘கபி ஹாங் கபி நா’வை எடுத்தார். 2017 அக்டோபர் 7 அன்று, தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து மும்பையில் காலமானார். எழுபது வயது நிறைய இன்னும் 12 நாள் இருந்தது.

படிக்கும் காலத்தில் அவருக்குக் கிடைத்த நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லா வேலையும் அந்த நட்பில் முளைத்ததுதான். சயீத் அக்தர் மிர்சா, விது வினோத் சோப்ரா, சதீஷ் ஷா, படத்தொகுப்பாளர் ரேணு சலூஜா என்று புனேயில் பழகியவர்களே திரும்பத் திரும்ப அவர் வேலைகளில் வருகிறார்கள். ஒருவர் படத்துக்கு இன்னொருவர் உதவி இயக்குநர், ஒருவர் தொடருக்கு இன்னொருவர் தயாரிப்பாளர். ஊரிலிருந்து ஒரே ரயிலில் வந்து இறங்கியவர்கள் ஒரே அறையில் தங்கி, ஒருவருக்கொருவர் வேலை பிடித்துக் கொடுப்பதை நம் சாலில் (வரிசையாக ஒற்றை அறைகள் உள்ள மும்பைக் குடியிருப்பில்) பார்த்திருக்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே மாதிரி.

நகைச்சுவை எடுத்தவர் பலர் இருக்க, இவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?

நேராகவே சொல்கிறேன். அந்தக் காலத்து நகைச்சுவையில் ஏழையைப் பார்த்துச் சிரிப்பது சுலபமாக இருந்தது. குடிகாரன், வேலைக்காரி, பிச்சைக்காரன், சிரிப்புக்காக வந்துவிட்டுப் போவார்கள். குந்தன் ஷா அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்து மற்றவர்களைப் பார்த்தார். கையில் காசும் அதிகாரமும் இல்லாதவனுக்கு இந்த உலகம் எவ்வளவு விநோதமாகத் தெரியும் என்பதுதான் அவருடைய நகைச்சுவை. தாராவியில் வளர்ந்த எனக்கு, டிவியில் எங்கள் தெருவை மரியாதையோடு பார்த்த முதல் ஆள் அவர். அந்த நன்றி எனக்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

‘ஜானே பீ தோ யாரோ’ என்ன கதை? புரியாமலேயே சிரித்தோம்.

வினோத், சுதிர் என்று இரண்டு பேர். நஸீருத்தீன் ஷாவும் ரவி பாஸ்வானியும். சேர்ந்து ஒரு போட்டோ ஸ்டுடியோ திறக்கிறார்கள், வியாபாரம் ஓடவில்லை. ஒரு பத்திரிகை ஆசிரியை அவர்களை ரகசியமாகப் படம் எடுக்க அனுப்புகிறார். கட்டடக் கான்ட்ராக்டர்கள் இரண்டு பேர், அவர்களிடம் லஞ்சம் வாங்கும் முனிசிபல் கமிஷனர், ஒரு கொலை. பூங்காவில் எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் கொலை நடந்ததே இவர்களுக்குத் தெரிகிறது. கொலையானவர் அந்தக் கமிஷனர், நடித்தவர் சதீஷ் ஷா. பாதிப் படம் அவர் பிணமாகவே நடிக்கிறார். பிணத்தைத் தேடி ஒரு கூட்டம், பிணத்தோடு ஓடும் இரண்டு நல்லவர்கள். இடையில் ஒரு புது மேம்பாலம் இடிந்து விழுகிறது.

கதாநாயகர்கள் இருவருக்கும் வினோத் சோப்ரா, சுதிர் மிஸ்ரா என்று வைத்தது, படத்தில் கூட வேலை செய்த நண்பர்களின் பெயர்களையே. திரைக்கதையில் சுதிர் மிஸ்ராவுக்குப் பங்கு உண்டு. வசனம் ரஞ்சித் கபூரும் சதீஷ் கௌஷிக்கும். ஒளிப்பதிவு பினோத் பிரதான்.

அவ்வளவு பெரிய நடிகர்களை வைத்து எடுக்கப் பணம் எங்கிருந்து வந்தது?

தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கொடுத்தது. மொத்தச் செலவே ஏறத்தாழ 7 லட்சம் ரூபாய்தான். அப்போதைய கணக்குக்கும் அது மிகச் சின்னத் தொகை. நடிகர்கள் வாங்கியது ஆயிரங்களில்தான். கதாநாயகன் கழுத்தில் தொங்கும் கேமரா நஸீருத்தீன் ஷாவின் சொந்தக் கேமரா. படப்பிடிப்பு நடக்கும்போதே அது திருடு போய்விட்டது.

அனுபம் கேருக்கு அதில் ‘டிஸ்கோ கில்லர்’ என்று ஒரு வேடம் இருந்தது. எடுத்தும் ஆயிற்று. படம் நீளமாகிறது என்று முழுவதையும் வெட்டிவிட்டார்கள். சிரிக்க வைக்கும் காட்சியைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தூக்கிப்போட ஒரு துணிவு வேண்டும். நகைச்சுவை எடுக்க ஆசைப்படும் பிள்ளைகள் எங்கள் திரையிடலுக்கு வருகிறார்கள், அவர்களிடம் இதை மட்டும் நான் விடாமல் சொல்கிறேன். எது வேடிக்கை என்று எல்லோருக்கும் தெரியும். எதை விட வேண்டும் என்று தெரிகிறவர்கள் குறைவு.

அந்தப் பாரதக் காட்சியை ஏன் இரண்டு தடவை போட்டீர்கள்?

கூட்டம் கேட்டது, போட்டோம். அன்று நடந்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

துரத்துகிறவர்களிடமிருந்து தப்பிக்கும் நம் ஆட்கள், பாரத நாடகம் நடக்கும் ஓர் அரங்குக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பிணத்துக்குத் திரௌபதி வேடம் போட்டாகிவிட்டது. மேடையில் துகிலுரியும் கட்டம். புடவையை உருவினால் பிணம் என்று தெரிந்துவிடும். அதனால் துரியோதனன் வேடத்தில் வந்த வினோத், துகிலுரிய வேண்டாம், எனக்கு மனசு மாறிவிட்டது என்கிறான். பீமன் வேடத்தில் கான்ட்ராக்டர் வருகிறார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலேயே. திரௌபதி உனக்கு மட்டும் சொந்தமா, இதில் எல்லோரும் பங்குதாரர்கள் என்று கம்பெனிக் கணக்குப் பேசுகிறார். கண் தெரியாத திருதராஷ்டிரன் என்ன நடக்கிறது, என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் மேடைக்கு அக்பரும் சலீமும் வேறு வந்துவிடுகிறார்கள்.

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆற்காட்டுப் பக்கத்து ஆயா ஒருவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இந்தி அவருக்குக் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் தெரியும். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடியவிடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். காட்சி பாதி போவதற்குள் என்னைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டார். “நீ சும்மா இருப்பா. துகில் கூத்து எனக்குத் தெரியாதா? இது கட்டியங்காரன் மேடையெல்லாம் தனதாக்கிக்கிட்ட கூத்து” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கூத்தில் கட்டியங்காரன் ராஜாவுக்கு அறிவிப்பும் செய்வான், ராஜாவைக் கேலியும் செய்வான். சபையில் யாரும் கேட்கக்கூடாத கேள்வியை அவன் ஒருவன் கேட்கலாம். அந்தப் படத்தைப் பற்றி நான் படித்ததில், கேட்டதில் எதுவும் எனக்கு இவ்வளவு தெளிவாக விளக்கியதில்லை. துகிலுரியும்போது சபையே வாய்மூடி உட்கார்ந்திருந்தது என்பதுதான் பாரதக் கதை. இங்கே ஊரைக் கொள்ளையடிக்கும் கான்ட்ராக்டர்கள் மேடை ஏறிப் பங்கு கேட்கிறார்கள், நகரம் கீழே உட்கார்ந்து கைதட்டுகிறது. வேடிக்கைதான், ஆனால் நடுவில் வயிற்றில் ஏதோ பிசைகிறது.

காட்சி முடிந்ததும் ஆயா இன்னொரு தடவை போடச் சொன்னார். அதனால்தான் இரண்டு தடவை.

சிரிப்புப் படம் ஏன் அப்படி முடிகிறது?

கடைசியில் குற்றவாளிகள் எல்லோரும் தங்களுக்குள் சமாதானமாகிவிடுகிறார்கள். பழி அந்த இரண்டு பேர் மேல் விழுகிறது. ஒருநாள் நாம் வெல்வோம் என்ற பொருள்வரும் பாட்டு ஒலிக்க, கைதி உடையில் தெருவில் நடந்து வந்து, நம்மைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் ஒரு சைகை செய்கிறார்கள். அவ்வளவுதான், படம் முடிந்துவிடும்.

எங்கள் திரையிடலில் இந்த இடத்தில் அறை அமைதியாகிவிடும். ஒரு சிறுவன், “அங்கிள், பார்ட் டூ எப்போ?” என்று கேட்டான். பார்ட் டூ வரவில்லை. அவர்களை விடுவித்து ஒரு நல்ல முடிவு கொடுத்திருந்தால் நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்போம். பாலம் இடிந்ததை மறந்திருப்போம். இது என் எண்ணம். உங்களுக்கு வேறு தோன்றலாம்.

படத்துக்கு விருது கிடைத்ததா?

அறிமுக இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான இந்திரா காந்தி தேசிய விருது கிடைத்தது. ரவி பாஸ்வானிக்குச் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருது. தியேட்டரில் பெரிய ஓட்டம் ஓடவில்லை. தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி போட்டதால்தான் படம் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. 2012 நவம்பரில் புதுப்பித்த பிரதியை மறுபடி தியேட்டரில் வெளியிட்டார்கள்.

தேசிய விருது வாங்கியவர் ஏன் டிவிக்குப் போனார்?

அந்த வருடங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984 ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடர் தொடங்கியது. விளம்பரதாரர் பணத்தில் வெளி ஆட்கள் தொடர் தயாரித்து தூர்தர்ஷனில் போடலாம் என்ற வழி அப்போதுதான் திறந்தது. பொதுவாக 13 வாரங்களுக்கு அனுமதி கிடைக்கும். மக்கள் விரும்பினால் நீட்டிப்பார்கள். சின்னச் செலவில், தெரிந்த நடிகர்களோடு, நினைத்ததைச் சொல்ல விரும்பும் இளைஞர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. சினிமாவில் அடுத்த படத்துக்குப் பணம் தேடி வருடக்கணக்கில் அலைய வேண்டும். இங்கே அடுத்த வாரமே படம் மக்கள் வீட்டுக்குள் இருக்கும்.

‘யே ஜோ ஹை ஜிந்தகி’யில் அவர் பங்கு என்ன? எல்லா எபிசோடும் அவர் எடுத்ததா?

இல்லை. அதன் தயாரிப்பாளர் எஸ்.எஸ். ஓபராய். எழுதியவர் இந்தியின் புகழ்பெற்ற நையாண்டி எழுத்தாளர் சரத் ஜோஷி. இயக்கியவர்கள் குந்தன் ஷா, மஞ்சுல் சின்ஹா, ராமன் குமார் என்று மூன்று பேர். ஷஃபி இனாம்தாரும் ஸ்வரூப் சம்பத்தும் கணவன் மனைவி, மனைவியின் தம்பியாக ராகேஷ் பேடி. ஒரு வீடு, ஒரு வரவேற்பறை, மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் சதீஷ் ஷா நிற்பார், ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஆளாக. வெள்ளிக்கிழமை இரவில் எங்கள் சந்தில் நடமாட்டமே இருக்காது.

அதில் மாமியார் கொடுமை இல்லை, அழுகை இல்லை. சம்பளம், விருந்தாளி, பக்கத்து வீடு, இவ்வளவுதான் கதை. மாட்டுங்காவிலிருந்து வரும் ஒரு பெரியவர், ஷண்முகானந்தா அரங்கில் அந்தக் காலத்தில் பார்த்த சென்னை மேடை நாடகங்கள் போலவே இருக்கிறது என்றார். வரவேற்பறையை விட்டு வெளியே போகாத நாடகங்களோடு அதற்கு உறவு இருப்பது உண்மைதான்.

தயாரிப்பாளர் என்கிறீர்களே, என்ன தயாரித்தார்?

சயீத் மிர்சா, அவர் சகோதரர் அஜீஸ் மிர்சா, குந்தன் ஷா, மூவரும் சேர்ந்து ‘இஸ்க்ரா’ என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். ரஷ்ய மொழியில் தீப்பொறி என்று பொருள். லெனின் நடத்திய பத்திரிகையின் பெயரும் அதுதான். அந்த வீட்டிலிருந்துதான் ‘நுக்கட்’ வந்தது. பின்னால் ஷாருக் கான் நடித்த ‘சர்க்கஸ்’ தொடரும் அங்கே பிறந்ததுதான், அதில் அஜீஸ் மிர்சாவின் கை அதிகம். யார் தயாரிப்பாளர், யார் இயக்குநர் என்ற கோடு இவர்களிடம் அவ்வளவு கறாராக இல்லை. பணத்துக்கு அலைவதும் வசனத்தில் கை வைப்பதும் படப்பிடிப்பில் நிற்பதும் எல்லோருக்கும் பொது.

‘நுக்கட்’ பற்றிச் சொல்லுங்கள். அது தாராவிக் கதையா?

தாராவி என்று எங்கும் சொல்லவில்லை. நுக்கட் என்றால் தெருமுனை. பெரிய ஊரில் ஏதோ ஒரு தெருமுனை, அவ்வளவுதான். 1986இல் தொடங்கியது, 40 எபிசோடு. இயக்கம் குந்தன் ஷாவும் சயீத் மிர்சாவும், எழுத்து பிரபோத் ஜோஷி.

எலெக்ட்ரிக் வேலை செய்யும் குரு, சைக்கிள் கடை ஹரி, ஓட்டல் நடத்தும் காதர் பாய், முடிதிருத்தும் கரீம், வீட்டு வேலை செய்யும் ராதா, பிச்சை எடுக்கும் கன்ஷு, எப்போதும் குடித்திருக்கும் கோப்டி, ஒரு டீச்சர், ஒரு ஏட்டு. இவர்களில் யாருக்கும் நாளைக்கு என்று பணம் இல்லை. ஒருவருக்குக் கஷ்டம் வந்தால் மற்றவர்கள் சேர்ந்து ஏதாவது செய்கிறார்கள். பல நேரம் செய்வது தப்பாகப் போகிறது. அதில்தான் சிரிப்பு வரும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் சந்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியிடம் ஒரு கறுப்பு வெள்ளை டயனோரா பெட்டி இருந்தது. ‘நுக்கட்’ வரும் இரவு அரிசி மூட்டையை ஓரம் தள்ளிவிட்டு, பெட்டியைக் கல்லாவின் மேல் தெருவைப் பார்த்துத் திருப்பி வைப்பார். தோல் கிடங்கில் வேலை முடித்து வந்தவர்கள் குளிக்காமல்கூட அப்படியே நிற்பார்கள். இந்தி புரியாதவர்களுக்கு அண்ணாச்சிதான் மொழிபெயர்ப்பு, அதுவும் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே. காதர் பாய் கடன் சொல்லித் திட்டும் காட்சி வந்தால் கூட்டமே அண்ணாச்சியைத் திரும்பிப் பார்க்கும். அவரும் சிரிப்பார். தெருமுனைக் கடையைக் காட்டும் தொடரை, தெருமுனைக் கடையில் நின்று பார்த்தோம்.

கோப்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சமீர் கக்கர் நடித்தார். இந்திச் சினிமாவில் குடிகாரர்களுக்குக் குறைவே இல்லை, ஆனால் இவரை யாரும் தெருவிலிருந்து விரட்டுவதில்லை. தள்ளாடி வருவார், திட்டுவாங்குவார், யாராவது ஒருவர் சாப்பிட வைப்பார். எங்கள் சந்திலும் அப்படி ஒரு சித்தப்பா இருந்தார். அவரைப் பார்த்து மற்ற பிள்ளைகள் கல்லெறிவதுண்டு. தொடர் வந்த பிறகு அவரைக் கோப்டி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள், கல்லெறிவது நின்றுபோனது. ஒரு தொடர் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. சமீர் கக்கர் 2023 மார்ச்சில் காலமானார். அந்த மாதத் திரையிடலில் அவர் எபிசோடு ஒன்றை மட்டும் போட்டுவிட்டுக் கலைந்தோம்.

‘வாக்லே கி துனியா’ தமிழர் கதை என்கிறார்களே?

கதை மராட்டிக் குடும்பத்துக் கதை. அதை உருவாக்கியவர் நம்மவர். கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே. லக்ஷ்மண் மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், எழுத்தாளர் ஆர்.கே. நாராயணின் தம்பி. பெயரில் உள்ள ‘ஆர்’ ராசிபுரம், நாமக்கல் மாவட்டத்து ராசிபுரமேதான். இதைச் சொன்னபோது சேலம் பக்கத்துக் குடும்பம் ஒன்று எழுந்து நின்று கைதட்டியது.

மும்பையில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் பல பத்தாண்டுகள் வரைந்தவர் அவர். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, வட்டக் கண்ணாடியோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயே திறக்காமல் நிற்கும் ‘சாமானியன்’ அவருடைய படைப்பு. அந்தச் சாமானியனுக்கு ஒரு வேலையும் வீடும் மனைவியும் பேசுவதற்கு வாயும் கொடுத்தால் கிடைப்பவர்தான் ஸ்ரீனிவாஸ் வாக்லே. விற்பனைப் பிரிவு குமாஸ்தா. அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ் நடித்தார், மனைவி ராதிகாவாக பாரதி ஆச்ரேக்கர். தயாரிப்பு துர்கா கோட்டே புரொடக்‌ஷன்ஸ். 1988இல் தொடங்கியது.

மூன்று தொடர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுதான். இதில் பெரிய சம்பவமே நடக்காது. பஸ் வராது, குழாயில் தண்ணீர் வராது, மேலதிகாரிக்குக் கோபம் வரும். வாக்லே பயந்த சுபாவம், நேர்மையானவர். பயமும் நேர்மையும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒரு நாளைக்குள் எத்தனை சிக்கல் வரும் என்று காட்டுவது எளிதல்ல. ‘ஜானே பீ தோ யாரோ’வில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே இயக்குநர், இங்கே ஒரு மனிதன் சட்டைப் பையில் சில்லறை தேடுவதை நிதானமாக நின்று பார்க்கிறார்.

அதில் ஷாருக் கான் நடித்தாரா?

ஆமாம், ஒரு எபிசோடில். வாக்லே மேல் காரை இடித்துவிடும் இளைஞனாக வருவார். பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைக்க இந்த ஒரு தகவல் போதும்.

இப்போது சப் டிவியில் வந்த வாக்லேயும் இவருடையதா?

இல்லை. 2021 பிப்ரவரியில் தொடங்கிய அது புதிய தலைமுறைக் கதை, தயாரித்தவர்கள் வேறு. மகன் ராஜேஷாக சுமீத் ராகவன், அவருடைய அப்பாவும் தமிழர். பழைய தம்பதியாக அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேக்கரும் அதிலும் வந்தார்கள். குந்தன் ஷா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

டிவிக்குப் பிறகு சினிமாவில் என்ன செய்தார்?

1994இல் ‘கபி ஹாங் கபி நா’. கோவாவில் நடக்கும் கதை. பரீட்சையில் தேறாத, பொய் சொல்லுகிற, காதலில் தோற்கிற ஒரு பையன். கடைசி வரை அந்தப் பெண் அவனுக்குக் கிடைப்பதில்லை, அவள் கல்யாணத்தில் மோதிரம் தேடித் தவிக்கிறான். தோற்றவனை நாயகனாக வைத்து, அவனைத் தோற்கவே விட்டு, படம் பார்த்தவர்களைச் சிரிப்போடு அனுப்பிய படம். சிறந்த படத்துக்கான பிலிம்பேர் விமர்சகர் விருது அதற்குக் கிடைத்தது. ஷாருக் கானுக்கும் விமர்சகர் விருது.

2000இல் ‘க்யா கெஹ்னா’, கல்யாணத்துக்கு முன் தாயாகும் பெண்ணின் கதை, நன்றாக ஓடியது. அதன் பிறகு வந்தவற்றில் பழைய குந்தன் ஷாவைத் தேட வேண்டியிருக்கிறது. ‘பி சே பிஎம் தக்’ அவர் கடைசிப் படம். அரசியலைத் திரும்பவும் தாக்கிப் பார்த்தார், ஆனால் படம் கவனிக்கப்படாமல் போய்விட்டது. இவற்றை நாங்கள் திரையிடவில்லை. மரியாதைக் குறைவு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். மாதம் ஒரு மாலைதான் கையில் இருக்கிறது, நல்லதைப் பார்ப்போம் என்றுதான் நான் சொன்னேன்.

விருதைத் திருப்பிக் கொடுத்தார் என்கிறார்களே, ஏன்?

2015இல் புனே திரைப்படக் கல்லூரி மாணவர்கள், புதிய தலைவர் நியமனத்தை எதிர்த்து 139 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாட்டில் சகிப்பின்மை வளர்கிறது என்று எழுத்தாளர்கள் விருதுகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நவம்பரில் திரைத்துறையைச் சேர்ந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களோடு சேர்ந்து குந்தன் ஷாவும் தன் தேசிய விருதைத் திருப்பினார். நண்பர் சயீத் மிர்சாவும் கூடவே. அவரிடம் இருந்த ஒரே தேசிய விருது ‘ஜானே பீ தோ யாரோ’வுக்குக் கிடைத்தது. இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் அறையில் வாக்குவாதம் வரும், வரட்டும். அவரை உருவாக்கிய கல்லூரிக்காக, தனக்குக் கிடைத்ததிலேயே பெரியதைக் கொடுத்தார் என்பதுதான் எனக்குத் தெரிவது. குந்தன் ஷா போன பிறகு, அந்த நட்பை வைத்து சயீத் மிர்சா ஒரு நூலும் எழுதினார்.

அம்மாவுக்கு இந்தி அவ்வளவாக வராது. எதிலிருந்து தொடங்கலாம்?

‘வாக்லே’யிலிருந்து. பேச்சு நிதானமாக இருக்கும், முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். அப்புறம் ‘நுக்கட்’. அதில் மும்பைத் தெரு இந்தி அதிகம், இங்கே மார்க்கெட்டுக்குப் போய்வரும் யாருக்கும் அது பழக்கம்தான், ஊரிலிருந்து வந்தவர்களுக்குத்தான் சிரமம். ‘ஜானே பீ தோ யாரோ’வைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். பாரதக் காட்சிக்கு மட்டும் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த திரையிடலில் என்ன?

‘வாக்லே’ இரண்டு எபிசோடு, ‘நுக்கட்’ ஒன்று. மாலை ஆறு மணி. தரையில்தான் உட்கார வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டிச் சொன்னால் நாற்காலி எடுத்து வைப்போம். இடைவேளையில் கட்டிங் சாய் (அரை டம்ளர் டீ) உண்டு. அந்த டயனோரா பெட்டியை அண்ணாச்சியின் மகன் பரணிலிருந்து இறக்கித் துடைத்துக் கொடுத்திருக்கிறார். படம் வராது, ஆனால் அன்று அதைத் திரைக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறோம்.